இரண்டு முறை கேட்பவர்

அவர் எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்பார். முதல் முறை கேட்கும்போது கையில் பென்சில் இருக்கும். இரண்டாவது முறை பேனா. நடுவில் பத்து நிமிடம் போயிருக்கும், வேறு பேச்சு நடந்திருக்கும், எதிரே நிற்பவர் தன் முதல் பதிலையே மறந்திருப்பார். கேட்டவர் மறந்ததில்லை. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டுவார். இல்லாவிட்டால் அழிப்பானை எடுப்பார். நான் பார்த்தவரை அந்த அழிப்பான் எப்போதும் தேய்ந்துதான் கிடந்தது.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அந்த விலங்கு கிளினிக் இருந்தது. ஒரு பக்கம் மசாலா அரைக்கும் கடை, மறுபக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. இப்போது கிளினிக் இருந்த இடத்தில் நகம் அழகுபடுத்தும் கடை வந்துவிட்டது. கிளினிக்கின் முன்மேசை அவருடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். சாம்பல் நிற முக்காடு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. தமிழர்கள் அக்கா என்றார்கள், மற்றவர்கள் ஆன்ட்டி என்றார்கள். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எதுக்கு சார் என் பேரு?" என்று கேட்பார். சற்று நேரம் கழித்து இன்னொரு முறை கேட்பார்.

கிளினிக்குக்கு முன் சாங்கி விமான நிலையத்தில், தொலைந்த பொருள்களைத் திருப்பித் தரும் கவுண்டரில் பல ஆண்டுகள் இருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார், அதுவும் நான் கிளறியதால்.

"கறுப்புப் பெட்டியைத் தொலைச்சவங்க தினம் இருபது பேரு வருவாங்க. பெரிய கம்பெனி பெட்டி, புதுசு, இவ்வளவு விலைன்னு சொல்லுவான் ஒருத்தன். அவன் மேல எனக்கு நம்பிக்கை வராது. இன்னொருத்தன் வந்து, ஜிப்பு பாதில நிக்கும், சக்கரத்துல ஒண்ணு கத்தும்னு சொல்லுவான். பெட்டி அவனோடது. சொந்தக்காரனுக்குப் பொருளோட குறைதான் சார் முதல்ல ஞாபகம் வரும்."

தேக்கா ஈரச்சந்தையில் அவர் மீன் வாங்குவதை ஒருமுறை பார்த்தேன். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினார். அவர் பார்த்தார், தலையசைத்தார், அடுத்த கடைவரை போனார், திரும்பி வந்தார். "எப்ப வந்த மீனு?" என்று மறுபடியும் கேட்டார். "அக்கா, இதே கேள்வியைத்தானே இப்பக் கேட்டீங்க! மீனே எழுந்து பதில் சொல்லிடும் போல இருக்கு லா" என்றார் மீன்காரர். அவர் சிரிக்கவில்லை. வேறொரு மீனை எடுத்தார்.

கிளினிக்கின் பதிவு அட்டையில் பெயர், வயது, நிறம், இனம் என்று கட்டங்கள் உண்டு. அவர் ஆளைப் பிடிப்பது இனம் என்ற கட்டத்தில்தான். தெருவில் கண்டெடுத்த பூனைக்குக் கட்டணம் பாதிதான். அப்படி ஒன்று என்று யாராவது வந்தால், பூனையைப் பார்ப்பதற்கு முன் கொண்டுவந்தவரைப் பார்ப்பார். காலணி, கூடை, கையில் கீறல் இருக்கிறதா இல்லையா. பிறகு, நேரம் போகாதவர் பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்பார். "என்ன ஜாதின்னு நினைக்கிறீங்க?"

நான் முதன்முதலில் அங்கே போன நாளில் எனக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி நின்றது. தட்டை முகமும் அடர்ந்த ரோமமும் உள்ள பூனை. கார் நிறுத்துமிடத்தில் கிடந்ததாம். பாவமாக இருந்ததாம்.

"என்ன ஜாதி?"

"எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர்னு நினைக்கிறேன், ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

பென்சில் எழுதியது. அவர் பூனையின் பாதத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. மழை, எம்ஆர்டி ரயில் கூட்டம் என்று ஏதோ பேசினார். பிறகு பேனாவை எடுத்தார். "கார்பார்க்குல கிடந்ததுன்னு சொன்னீங்க. எந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பார்க்கும்?"

"மோச்சி" என்றான் அந்தப் பையன். பூனை திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அவன் காலை மிதித்தது மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது. அக்கா 'கண்டெடுத்தவர்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'உரிமையாளர்' என்று எழுதினார், அட்டையைக் கையெழுத்துக்காக அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

அவர்கள் போன பிறகு என்னிடம், அல்லது என் பக்கம் இருந்த சுவரிடம், சொன்னார். "தெருவுல எடுத்தவங்களுக்குக் கலருதான் தெரியும். ஜாதி தெரிஞ்சா அது கடையில எடுத்தது."

அடுத்து நான். துண்டு போர்த்திய பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பூனையை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மிதிவண்டிகளுக்கு இடையில் கண்டெடுத்திருந்தேன். சாம்பல் நிறம், பச்சைக் கண், மெலிந்த உடம்பு. கருத்தடை செய்த தெருப்பூனைகளுக்கு இங்கே இடது காதின் நுனியை வெட்டி அடையாளம் வைப்பார்கள். இதற்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. மின்தூக்கியில் ஏறுவதற்குள்ளேயே ஊகங்கள் தொடங்கிவிட்டன. ஏழாம் மாடிக்காரர் பிரிட்டிஷ் என்றார். மளிகைக் கடைக்காரர், தாய்லாந்தில் மணமக்களுக்குக் கொடுப்பார்களே அந்த ஜாதி என்றார். என் மனைவி, "வெளிநாட்டுப் பூனையா இருந்தா என்ன, உள்நாட்டுப் பூனையா இருந்தா என்ன, என் சோபாவுல ஏறக்கூடாது" என்றாள். நான் இரண்டு நாள் கணினிமுன் உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டேன். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை என்று எண்ணம்.

"என்ன ஜாதின்னு நினைக்கிறீங்க சார்?"

சற்று முன் அந்த ஜோடிக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இருந்தும் வாய் சொல்லிவிட்டது. "ரஷ்யன் ப்ளூ."

மூக்குக்கண்ணாடி இறங்கியது. அன்றிலிருந்து நான் சந்தேகத்துக்குரியவன் ஆனேன்.

எங்கே எடுத்தேன், எத்தனை மணிக்கு, மழை பெய்ததா, யார் பார்த்தார்கள், எல்லாம் இரண்டு முறை. பூனையின் தோளில் கருவியை ஓட்டிப் பார்த்தார். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு இல்லை. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்று விதி மாறிய புதிது அது. உரிமம் வேண்டும், சில்லு வேண்டும். அதுவரை பலர் ஒளித்து வளர்த்ததால், சில்லு இல்லை என்றால் சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தம் இல்லை. அவர் வாலைப் பிடித்து அடியிலிருந்து நுனிவரை விரலால் உருவினார். நுனிக்கு அருகே நின்றார். என் விரலை இழுத்து அங்கே வைத்தார். ரோமத்துக்கு அடியில் எலும்பில் ஒரு முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால்தான் தட்டுப்படும்.

"ரஷ்யாக்காரருக்கு வாலு இப்படி இருக்காது சார். இது நம்ம ஊரு சரக்கு" என்றார். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. மூஞ்சிப் படம் மட்டும் போட்டு நோட்டீசு ஒட்டுங்க. உங்க நம்பரும் கிளினிக் நம்பரும் போதும். ஜாதி கீதி எதுவும் எழுதாதீங்க. வர்றவங்ககிட்ட வாலு எப்படி இருக்கும்னு கேளுங்க. முப்பது நாள். யாரும் வரலன்னா உங்க பேருல சில்லு போட்டுக்கலாம்."

நோட்டீசில் எழுதவில்லை. ஆனால் இணையத்தில் போட்ட பதிவில், 'ரஷ்யன் ப்ளூ போன்ற தோற்றம்' என்று ஒரு வரி சேர்த்தேன். வால் முடிச்சைத் தொட்டுப் பார்த்த பிறகும் சேர்த்தேன். நான்கு பேர் உரிமை கோரினார்கள். ஒருவர் அனுப்பிய படத்தில் பூனைக்குப் பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது. இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே, "ஜாதிப் பேப்பர்ஸ் இருக்கா பிரதர்?" என்று கேட்டார். வாலைப் பற்றிக் கேட்டதும் நால்வரும், நீளம், மென்மை, அழகு என்றார்கள்.

பூனைக்குத் தடுப்பூசி போடப் போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"பூனைமேல விலையை ஒட்டிவெச்சுட்டு, யாரும் நேர்மையா வரலன்னு சொல்றீங்க" என்றார். "எழுதக்கூடாதுன்னு சொன்னேன். ஏன் எழுதினீங்க?"

"ஒரு விவரம்தானேன்னு..."

அன்று கிளம்பும்போது மறுபடி கேட்டார். "எதுக்கு சார் எழுதினீங்க? உண்மையான ஆளு யாரும் வரக்கூடாதுன்னா?"

நான் கோபித்துக்கொண்டேன். கோபம் வருமளவு அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அதே நாளில்தான் அவர் ஒரு கேள்வியை ஒரே முறை கேட்டதைப் பார்த்தேன். கட்டுமானத் தொழிலாளி ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, பாதுகாப்புத் தலைக்கவசத்தைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு குட்டி.

"என்ன ஜாதிப்பா?"

"தெரியலைங்கக்கா. வெள்ளைன்னு நினைக்கிறேன். சிமெண்டு போனாத்தான் தெரியும்."

அவர் பென்சிலைத் தொடவில்லை. நேரே பேனாவை எடுத்து 'வெள்ளை' என்று எழுதினார். தொழிலாளி உள்ளே போனதும் கேட்டேன். "அவர்கிட்ட மட்டும் ஏன் ரெண்டாவது தடவை கேக்கல?"

"தேவையில்லன்னா கேக்க மாட்டேன்" என்றார்.

இதற்கிடையில் வீட்டில் நிலைமை மாறியிருந்தது. சோபாவில் ஏறக்கூடாத பூனை சோபாவில் தூங்கியது. மனைவி அதற்காக மஞ்சள் போடாமல் தனியாக மீன் அவித்தாள். காலையில் நான் செய்தித்தாளை விரித்தால் சரியாக நான் படிக்கும் பத்தியின்மேல் உட்காரும். "வேலையில இருந்தப்ப உங்களை யாரும் இப்படி நிறுத்தினதில்ல" என்று மனைவி சிரிப்பாள். முப்பதாம் நாளுக்குப் பிறகு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். முன்பே வைக்கவேண்டாம் என்பது அவள் முடிவு.

இருபத்தாறாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. வயதான பெண் குரல், தமிழ். இரண்டு புளோக் தள்ளி இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது, வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டார்கள். நேற்றுதான் கீழே இறங்கி நடக்க முடிந்தது. நோட்டீசைப் பார்த்தார்.

நான் விதிப்படி கேட்டேன். "வால் எப்படி இருக்கும்?"

"வாலா? பார்க்க ஒண்ணும் தெரியாது சார். தடவினீங்கன்னா நுனில ஒரு முடிச்சு தட்டும். குட்டியா இருக்கச்சயே அப்படித்தான்."

பூனை என் முன்னால், விரித்த செய்தித்தாளின்மேல் இருந்தது. "இல்லீங்க. இது வேற பூனை" என்றேன்.

"அப்படியா" என்றது குரல். "சரி சார். இதையாச்சும் நல்லாப் பார்த்துக்கோங்க."

"யாருங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றேன்.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சில்லு போடப் பதிந்திருந்தேன். கிளினிக் பெஞ்சில் ஒரு மலாய்த் தம்பதி முயலுடன் இருந்தார்கள். அவர்களுக்கு அடுத்து ஓர் அம்மா. மடியில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் மடித்துப்போட்ட பழைய கைலி. கூடை காலி. சிகிச்சை முடிந்த பூனையைக் கூட்டிப்போக வந்தவர் என்று கணக்குப் போட்டேன். எதையும் பார்த்தவுடன் கணக்குப் போடுவது என் பழக்கம்.

அக்கா அட்டையை எடுத்தார். பென்சிலை எடுத்தார்.

"யாராச்சும் வாலைப் பத்திச் சரியாச் சொன்னாங்களா சார்?"

"இல்லை."

பென்சில் எழுதியது. அடையாள அட்டை கேட்டார். முகவரி கேட்டார். சாப்பாடு என்ன, மஞ்சள் போடாத மீனா, நல்லது. மருத்துவர் வர ஐந்து நிமிடம் ஆகும் என்றார். மேசைத் தொலைபேசி அடித்தது, எடுத்துப் பேசினார். நான் வேலையில்லாமல் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஓர் ஊன்றுகோல், அடியில் நான்கு கால் வைத்தது. புடவை சற்று உயர்ந்திருந்த இடத்தில் முழங்காலைச் சுற்றிய பட்டை தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டு போர்த்திய என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலிக் கூடை எந்தப் பூனைக்கு என்று அப்போது புரிந்தது.

அக்கா தொலைபேசியை வைத்தார். பேனாவை எடுத்தார். "வாலைப் பத்தி யாருமே போன் பண்ணலையா சார்?"

"ஒருத்தங்க பண்ணாங்க" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"நுனில முடிச்சு இருக்கும்னாங்க."

"நீங்க?"

"இது அந்தப் பூனை இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அழிப்பானை எடுத்து, பென்சிலில் எழுதியதை நிதானமாக அழித்தார், துகளை ஊதினார். "அம்மா, வாங்க" என்றார்.

அந்த அம்மா ஊன்றுகோலுடன் எழுந்துவர நேரம் ஆனது. துண்டை நான்தான் எடுத்தேன். பெட்டிக் கதவையும் நான்தான் திறந்தேன். அவர் கையை உள்ளே விடவில்லை, கூப்பிடவும் இல்லை. கூடையைப் பெட்டிக்கு எதிரே வைத்தார், அவ்வளவுதான். பூனை வெளியே வந்தது. மேசையைக் கடந்து கூடைக்குள் இறங்கி, கைலியின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"என்ன ஜாதிம்மா இது?" என்றார் அக்கா.

"ஜாதியா? பூனைங்க" என்றார் அந்த அம்மா.

பேனா எழுதியது.

சில்லு அந்த அம்மாவின் பெயரில் போடப்பட்டது. முடிந்து கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். கிளினிக்குக்குத்தான் முதலில் பேசினாராம். அக்கா என்னோடு பேசச் சொன்னாராம். நான் இல்லை என்றதும் திரும்ப அக்காவைக் கூப்பிட்டாராம், அக்கா இன்றைக்கு நேரில் வந்து பார்க்கச் சொன்னாராம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோல் சொன்னார்.

"போன்ல நான்தான் சரியாச் சொல்லல போல. ஒரு மாசம் சோறு போட்டிருக்கீங்க சார். நல்லா இருக்கணும்" என்றார்.

கண்ணாடிக் கதவு மூடியது. மசாலாக் கடை இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி துண்டை மடித்தேன். ராங் நம்பரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் கையில் இருந்தது.

"கடைசில உண்மையைச் சொன்னீங்களே சார். அந்தக் கூடையைப் பார்த்துட்டுச் சொன்னீங்களா, பார்க்கலன்னாலும் சொல்லியிருப்பீங்களா?"

"பார்க்கலன்னாலும் சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் எதுவும் எழுதாமல் பென்சிலை மேசைமேல் வைத்தார். நான் துண்டைப் பிரித்து இன்னொரு முறை மடித்தேன். பெட்டியின் கதவைச் சாத்தினேன், திறந்து உதிர்ந்த ரோமத்தை எடுத்தேன், மறுபடி சாத்தினேன். மலாய்த் தம்பதி முயலுடன் உள்ளே போய், மருந்துப் பையுடன் வெளியே வந்தார்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல், வேறொரு பதிலை வைத்துக்கொண்டு, அந்த மேசைமுன் நின்றிருப்பேன்.

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.